விளாவிய தண்ணீர்

எங்கள் வீட்டில் கொதிக்க வைக்காத தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. மருத்துவமனையில் இருந்த எட்டு நாட்களில் இந்த வாக்கியத்தை டாக்டரிடம், நர்ஸிடம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம், நலம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாரும் கேட்காதபோதும் சொன்னேன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றதும் எல்லோருடைய பார்வையும் முதலில் போய் நிற்பது தாயின் சமையலறையில்தான். அதனால் கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என் மகள் யாழினி இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஓர் எழுத்து என் கைக்கு வந்தால் நானே கடைசிப் பக்கத்தைப் பார்த்து, பிள்ளை பிழைத்ததா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவேன்.

ஆடி மாதம். தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எங்கள் வீடு குற்றாலம் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. என் கணவர் இசக்கிராஜா போலீஸ்காரர். சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்கரையில் பந்தோபஸ்து. ஈரச் சீருடையோடுதான் வீட்டுக்கு வருவார். யாழினிக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு.

திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் அதுவாகத்தான் இருக்கும் என்று காய்ச்சல் மருந்து கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. புதன்கிழமை தோசையைப் பார்த்தே ஓங்கரித்தாள். மாவு புளித்துவிட்டதா, எண்ணெய் காறிவிட்டதா என்று நான் மாவையும் எண்ணெயையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவளுடைய சிறுநீர் பால் சேர்க்காத கட்டன் காப்பி நிறத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாரல் விட்டு, குளியலறைச் சன்னல் வழியாக வெயில் விழுந்தது. அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

“எம்மா, ஏன் அப்பிடி மொறைக்க?”

“கண்ண நல்லாத் தொற.”

“தொறந்துதான இருக்கேன்.”

குழந்தைகள் டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண். வலது விலாவுக்குக் கீழே அவர் அழுத்தியதும் யாழினி நெளிந்தாள். இரத்தம் எடுத்தார்கள். மதியத்துக்குள் முடிவு வந்தது. பிலிருபின் ஏறியிருந்தது. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் கழிவுதான் பிலிருபின். நல்ல கல்லீரல் அதைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். வீங்கிய கல்லீரலால் அது முடியாது. கழிவு இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரியும். காமாலை என்பது அந்த நிறத்தின் பெயர்தான். நோயின் பெயரை டாக்டர் தனியாகச் சொன்னார்: ஹெபடைடிஸ் ஏ. அது ஒரு வைரஸ். நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாகவோ கழுவாத கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போகிறது. டாக்டர் இதை முகம் சுளிக்காமல் சொன்னார். நான் சுளித்தேன். யாருடையது என் மகளின் வாய்க்குள் போனது?

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும் என்றார். ‘பெரும்பாலான’ என்ற சொல் மட்டும் என் காதில் தங்கிவிட்டது. அதனால் இன்னொரு எண்ணையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்வது கல்லீரல். அது சோர்ந்தால் இரத்தம் உறைய நேரமாகும். அந்த நேரத்தை அளந்து ஐ.என்.ஆர். என்று ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். நல்ல உடம்பில் அது ஒன்றை ஒட்டி இருக்கும். யாழினிக்கு ஒன்று புள்ளி ஆறு. அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

“ரெண்டத் தொட்டா திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம்மா. தொடாதுன்னு நெனைப்போம்,” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து என் உலகம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

கணவர் அருவிக்கரையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். வராந்தாவிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஞாயித்துக்கெழம அஞ்சருவிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? பஜ்ஜி வாங்கிக் குடுத்தது யாரு?”

“ஏட்டி, அருவித் தண்ணி தலையிலதான விழுந்துச்சு. குடிச்சாளா?”

“வாயத் தொறந்துட்டு நின்னா. நான் பாத்தேன்.”

“பாத்த நீ அப்பமே சொல்ல வேண்டியதுதான?”

பின்னால் வந்த டாக்டர் இதைக் கேட்டுவிட்டார். “ஞாயித்துக்கெழமைய விடுங்க. இந்தக் கிருமி உள்ள போன மறுநாள் நோய் வராது. ரெண்டு வாரத்துல இருந்து ஏழு வாரம் வரைக்கும் பதுங்கி இருக்கும். சுமாரா ஒரு மாசம். போன வாரத்த இல்ல, போன மாசத்த யோசிச்சுப் பாருங்க.”

போன மாதம் இதே தேதியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? நான் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து செல்போனில் இருந்த படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். பள்ளி திறந்த முதல் நாள். பண்பொழியில் ஒரு காது குத்து, பந்தியில் யாழினி. ரம்புட்டான் தோலைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு படம். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தியில் தம்ளர் எப்படி இருக்கிறது, பரிமாறுகிறவர் கை எப்படி இருக்கிறது என்று. பிறகு அந்தப் படம் வந்தது. யாழினி நாக்கை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நாக்கு ஆரஞ்சு நிறம். சரியாக ஒரு மாதத்துக்கு முன்பு.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருப்பவர் பேச்சி அக்கா. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களில் பால் ஐஸும் ஆரஞ்சு ஐஸும் வீட்டிலேயே செய்து, சாயந்தரம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு விற்பார். அந்த ஃப்ரீசர்தான் அவர் வருமானம். படத்தைப் பார்த்த நிமிடத்தில் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சந்தேகம் தீர்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் தெருப் பிள்ளைகளின் தாய்மார் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘என் மகள் மஞ்சள் காமாலையால் மருத்துவமனையில் இருக்கிறாள். நம் தெருவில் வீட்டில் செய்து விற்கும் ஐஸைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.’ பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. தெருவில் வீட்டில் ஐஸ் செய்கிறவர் ஒருவர்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யாழினியின் தடுப்பூசி அட்டையில் ஒரு வரி உண்டு. ‘ஹெபடைடிஸ் ஏ, விருப்பம் இருந்தால்.’ அதை நான் ‘தேவையில்லை’ என்று படித்துக்கொண்டு நான்கு வருடம் ஓட்டியிருந்தேன். அந்த அட்டையைக் கைப்பையின் அடியில் வைத்திருந்தேன். யாரும் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது.

வார்டில் நான் எதையும் நம்பவில்லை. இரத்தக் குப்பியில் ஒட்டும் காகிதத்தில் பெயரும் வயதும் சரியா, குளுக்கோஸ் பாட்டிலின் காலாவதித் தேதி எது, ஊசி புதிதாகப் பிரித்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். வார்டு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

“ஒங்க வீட்டுக்காரர் போலீஸா, நீங்க போலீஸா?” என்றார் மூன்றாம் நாள்.

கல்லீரல் மிகவும் சோர்ந்தால் கழிவு மூளையைக் குழப்பும், பேச்சு குழறுகிறதா, ஆள் அடையாளம் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது போதாதா? அரை மணிக்கு ஒரு முறை கேட்டேன்.

“ஒன் பேரு என்ன?”

“யாழினி.”

“அப்பா பேரு?”

“ஏன், ஒனக்கு மறந்துட்டா?”

அன்று ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி எட்டு என்று வந்தது. நான் மறுபடியும் கேட்டேன். “ஒன் பேரு என்ன?”

“பேச்சி அத்த,” என்றாள்.

நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. ஸ்டெல்லா சிஸ்டர் ஓடி வந்து கண்ணில் டார்ச் அடித்தார். யாழினி சிரித்தாள். “சும்மா சொன்னேன் சிஸ்டர். இந்த அம்மா ஒரே கேள்விய எத்தன தடவதான் கேக்கும்?”

“இனிமே கணக்கு கேளுங்க, பேரு கேக்காதிய,” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போனார். எத்தனையோ பெயர் இருக்க, பிள்ளை ஏன் அந்தப் பெயரைச் சொன்னாள் என்று வேறு ஒரு சந்தேகம்.

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார். யாழினிக்குத் தலை சீவி விட்டார். நான் குளித்துவிட்டு வரும்வரை அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் கஞ்சியோடு பச்சையாக ஒரு பாட்டிலும் வந்தது.

“கீழாநெல்லி அரைச்சது. மூணு நாளு வெறும் வயித்துல குடு, மஞ்ச எறங்கிரும்.”

“டாக்டர் வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ மதினி. கல்லீரலுக்கு வேல கூடிருமாம்.”

“எங்க வீட்டுப் பிள்ளையளுக்குக் காமாலயே வந்ததில்ல.”

“எங்க வீட்டுலயும் கொதிக்க வைக்காத தண்ணிய யாரும் குடிக்கது கெடையாது.”

“அப்பறம் எப்பிடி வந்துச்சு? ஆகாசத்துல இருந்தா?”

பாட்டிலை வாங்கிக்கொண்டேன், ஆனால் கொடுக்கவில்லை. கொடுக்காததும் சரிதானா என்று அன்று முழுவதும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதே நாள் பிற்பகல் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு கோப்பு, சட்டைப் பையில் நான்கு பேனா. ஒரே இடத்தில் காமாலை கூடினால் மருத்துவமனை சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் பத்து நாளுக்குள் ஐந்து பிள்ளைகளுக்கு வந்திருந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே படிவம். கழிவறை எங்கே, பள்ளி எது, வேன் எது, வெளியில் என்ன சாப்பிட்டாள்.

“குடிக்கிற தண்ணி?”

“கொதிக்க வச்சதுதான் சார். கண்டிப்பா.”

எழுதிக்கொண்டார். பிறகு பேனாவால் நெற்றியைத் தேய்த்தார். “அஞ்சு வீட்டுலயும் இதையேதான் சொல்லுதிய. தெரு முனைக் கொழாயில குளோரின் பாத்துட்டேன், அங்கயும் சரியா இருக்கு. அப்ப தண்ணிய விட்டுட்டு வேற என்னமோன்னுதான் தேடணும்.”

நான் செல்போனை எடுத்து ஆரஞ்சு நாக்கைக் காட்டினேன்.

மறுநாளே பேச்சி அக்கா வீட்டு ஐஸைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ரீசரை அணைத்ததும் உருகிய தண்ணீர் வாசல் வரை ஓடியதாம். குழுவில் ஒருத்தி அதைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். பன்னிரண்டு பேர் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை வார்டு வாசலில் பேச்சி அக்கா நின்றார். அவர் எங்கள் குழுவில் இல்லை. யார் எழுதியது என்று தெரிந்து வந்தாரா, தெரியாமல் வந்தாரா என்று அவர் முகத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

“பிள்ள எப்பிடி இருக்கா, செல்வி?”

“இருக்கா எக்கா. உள்ள வரக்கூடாது. தொத்து.”

“நான் தொடமாட்டேன். அங்கன நின்னு பாத்துட்டுப் போயிருதேன்.”

“வேண்டாம்க்கா.”

நான்கு சாத்துக்குடி இருந்த பையை ஸ்டெல்லா சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பழங்களை நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிய பிறகும் கொடுக்கவில்லை. அன்றைய ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி ஒன்பது.

பக்கத்துப் படுக்கையில், இடையில் ஒரு திரை, கடையநல்லூர் ஜமீலா இருந்தாள். அவளுடைய மூன்று வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. கணவர் துபாயில். வீடியோ அழைப்பில் அவர் அழ, இவள்தான் ஆறுதல் சொல்வாள். முதல் நாள் எங்களிடம் ஃப்ளாஸ்க் இல்லை என்று பார்த்ததும் தன்னுடைய இரண்டில் ஒன்றைத் தந்தவள். கேட்காமல் தந்ததால் அதையும் நான் இரண்டு முறை கொதிநீர் ஊற்றிக் கழுவினேன்.

ஐந்தாம் நாள் காலை ஜமீலா மகளுக்குத் தண்ணீர் கொடுக்கத் தம்ளரில் ஊற்றினாள். ஆவி பறந்தது. குழாயில் பிடித்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதில் சேர்த்து, விரலால் சூடு பார்த்தாள். ஸ்டெல்லா சிஸ்டர் தம்ளரைக் கையிலிருந்து பிடுங்கினார்.

“என்ன செய்தீங்க?”

“கொதிக்க வச்சதுதான் சிஸ்டர். சூடா இருந்துச்சு, கொஞ்சம் விளாவுனேன்.”

“முக்கால் தம்ளர்ல கிருமியக் கொன்னுட்டு, கால் தம்ளர்ல உசுரோட ஊத்துதியளே! அதுக்கு எதுக்கு கேஸ வீணாக்கணும்? ஆற வைக்கணும். மூடி வச்சு ஆற வைக்கணும். விளாவக் கூடாது.”

ஜமீலா அசடு வழிந்து, “எங்கூர்ல எல்லாரும் இப்பிடித்தான்,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. யாழினியின் ஊதா நிறப் பள்ளிக்கூட பாட்டில் எதிரில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஏழரைக்குத் தண்ணீர் கொதிக்கும். எட்டுப் பத்துக்கு வேன் வரும். கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் பாட்டில் நெளிந்துவிடும். அதனால் முக்கால் பாட்டில் வெந்நீர், மேலே குடத்திலிருந்து ஒரு செம்பு. ஒவ்வொரு பள்ளி நாளும். குளிக்கிற தண்ணீரை விளாவுகிறோம், குடிக்கிற தண்ணீரையும் விளாவுகிறோம். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். எம்.எஸ்சி. படித்த நானும் அப்படித்தான். ஒரு கையசைவுதானே, அது ஒரு செயல் என்றே என் நினைவில் பதியவில்லை. படிவத்துக்கு நான் சொன்னபோது பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆய்வாளர் தண்ணீரை விட்டுவிட்டு ஐஸுக்குப் போனது அந்த ஒரு வரியை நம்பித்தான்.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் மதினி என்ன சொல்வார் என்று ஒவ்வொரு சொல்லாக எனக்குக் கேட்டது. பன்னிரண்டு நன்றிகள் வேறு. அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவு மதியம்தான் வரும். நல்லதாக வந்தால் சொல்லிவிடுகிறேன் என்று சாமியிடம் பேரம் பேசினேன். பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும். அன்று சாயந்தரம் வருகிற முறை. மறுநாள் காலை ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி பாட்டிலில் முக்கால் வெந்நீர் ஊற்றிவிட்டுக் குடத்துக்குக் கை நீட்டுவாள்.

கணவரை மாடிப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“சரி, இனிமே விளாவாத. அத ஊருக்கெல்லாம் சொல்லணுமாக்கும்?”

“சொல்லலைன்னா அவிய ஐஸையே தேடிட்டு இருப்பாவ.”

“தண்ணின்னு சொன்னா கொழாயத் தோண்டுவாவ. தோண்டுனா மொதல்ல நம்ம குழியும் மோட்டரும்தான் தெரியும். நான் போலீஸ்காரன்ட்டி.”

அதை நான் இங்கே விளக்க வேண்டும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் மெல்லத்தான் வரும். அதனால் வாசலில் குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி, அதில் மோட்டாரை மாட்டி இழுக்கிறோம். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மாட்டியிருக்கிறோம். சாரல் காலத்தில் அந்தக் குழியில் சாக்கடை ஊறி நிற்கும். நின்ற தண்ணீர் கரித்துணி நிறத்தில் இருந்தாலும் குழாய்க்குள் இருப்பது தனி, வெளியே நிற்பது தனி என்று நம்புவோம்.

“ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்னுதான் நானும் கும்பிடுதேன். ஆனா இன்னைக்கித் தண்ணி வருத நாளு.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, “நீ போன் போடு. நான் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்,” என்றார்.

ஆய்வாளரிடம் சொல்லி முடித்ததும் மறுமுனையில் படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“சார்?”

“இருக்கேன்மா. கொதிக்க வைக்கியளான்னு கேட்டேன். எப்பிடி ஆத்துதியன்னு கேக்கல. அது என் தப்பு. இன்னொண்ணும் நான் சொல்லணும். நோய் வந்த பிள்ளையள மட்டும் கேட்டா பத்தாது. வராத பிள்ளையளையும் கேக்கணும். நேத்து கேட்டேன். அந்த ஐஸத் தின்னுட்டுத் துள்ளிக்கிட்டு இருக்கிற பிள்ளைய தெருவுல எம்புட்டோ இருக்கு. படுத்திருக்கிற அஞ்சுல தின்னது ரெண்டுதான். எனக்கு அப்பமே இடிச்சுது.”

மதியம் முடிவு வந்தது. ஒன்று புள்ளி ஆறு. இறங்குகிறது என்றார் டாக்டர். காகிதத்தில் பெயரும் வயதும் சரியா என்று பார்த்தேன். பிறகு யாழினியின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். “கணக்கு கேக்கப் போறியா?” என்றாள். “இல்ல,” என்றேன்.

தெருவில் நடந்ததைக் கணவர்தான் வந்து சொன்னார். ஆய்வாளர் மற்ற நான்கு வீட்டுக்கும் போய் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கிறார். மூன்று வீட்டில் விளாவுகிறார்கள். நான்காவது வீட்டில் பெரியவர்களுக்குத்தான் கொதித்த தண்ணீராம். பிள்ளை குடத்திலிருந்து தானே எடுத்துக் குடிக்குமாம். சாயந்தரம் தண்ணீர் வந்தபோது ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். முனை வீட்டில் மஞ்சள். நடு வீட்டில் வெளிர் மஞ்சள். எங்கள் வீட்டிலும் அதற்குப் பின்னாலும் நிறமே வரவில்லை. பிள்ளையின் கண்ணில் மஞ்சள் இல்லாமல் போக வேண்டும் என்று அத்தனை நாளாகக் கும்பிட்டவள், அந்தத் தண்ணீர் மஞ்சளாகியிருக்கக் கூடாதா என்று முதல் முறையாக நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால், சாக்கடைக்கு அடியில் போகும் இடத்தில் குழாய் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் வரும்போது விரிசல் வழியே வெளியே கசியும். வராதபோது, யாராவது மோட்டாரைப் போட்டால், சாக்கடையை உள்ளே இழுக்கும். குழாயை மாற்றினார்கள். லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். குளோரின் மாத்திரை கொடுத்து, ஒரு குடத்துக்கு எவ்வளவு, எத்தனை நேரம் கழித்துக் குடிப்பது என்று வீடு வீடாகச் சொன்னார்கள். நோய் வந்த பிள்ளைகளின் கழிவறைக்குப் பிளீச்சிங் தூள். பள்ளியில் கை கழுவுகிற இடத்தில் சோப்பு. இன்னும் வராத பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நான் கைப்பையின் அடியிலிருந்து அட்டையை எடுத்து, அந்த வரியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன்.

எங்கள் மோட்டாரை யாரும் வந்து கண்டுபிடிக்கவில்லை. நான் போன் போட்ட அந்த மதியமே, ஊர் பார்க்க, சீருடைக் கால்சட்டையோடு குழிக்குள் இறங்கி அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டாராம் என் கணவர். “போலீஸ்காரர் மோட்டரே வெளிய வந்துட்டா?” என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டாராம். சாயந்தரத்துக்குள் இன்னும் ஆறு மோட்டார் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் மோட்டார்தான் அந்த அழுக்கை இழுத்ததா, வேறு யாருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் ஆய்வாளர். எனக்கு அதில் இன்னும் சமாதானம் இல்லை. விரிசலுக்கு மிகப் பக்கத்தில் இருந்த மோட்டார்களில் எங்களுடையதும் ஒன்று.

மதினியிடமும் சொன்னேன். ஆகாசம், பூமி என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கஞ்சித் தூக்கை மூடிக்கொண்டே, “நானும்தான் விளாவுதேன்,” என்றார்.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே போவதற்கு முன் பேச்சி அக்கா வீட்டுக்குப் போனேன். ஐஸில் ஒன்றும் இல்லை என்று சோதனை முடிவு வந்திருந்தது. ஆனாலும் ஃப்ரீசர் அணைந்தே இருந்தது. வாங்க வருகிற பிள்ளைகள் இல்லை.

“எக்கா, குரூப்புல எழுதுனது நான்தான்.”

“தெரியும்.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தப்பமே தெரியுமா?”

“தெரிஞ்சுதான் வந்தேன். நீ எழுதுனா பிள்ளைய நான் பாக்கக் கூடாதா?”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் முறத்தில் இருந்த பருப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இங்கன சொன்னா இந்தச் செவருக்குத்தான் கேக்கும். எங்கன போட்டியோ அங்கன போடு.”

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஐஸால் வரவில்லை என்றும், கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் கொடுத்தவள் நான் என்றும், என் பெயரோடு. படித்துக் காட்டினேன். “ஐஸு சுத்தம்னு பரிசோதனையில வந்துச்சுல்லா, அதையும் போடு,” என்றார். போட்டேன். பிறகு ஒருத்தி எழுதினாள்: ‘நானும் விளாவுவேன்.’ பிறகு இன்னொருத்தி.

ஒன்றரை மாதம் கழித்து யாழினியின் இரத்தம் எல்லா எண்ணிலும் சரியாக வந்தது. அன்று சாயந்தரம் பள்ளி வேன் நின்றதும் அவள் நேராகப் பேச்சி அக்கா வாசலுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. ஐந்தாறு பிள்ளைகள் நின்றார்கள். அக்கா ஓர் ஆரஞ்சு ஐஸை எடுத்து நுனியைக் கத்திரித்தார்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது. “எக்கா, இது கொதிக்க வச்ச தண்ணிதான?”

அவர் ஐஸை யாழினியின் கையில் கொடுத்தார். காசை வாங்கி டப்பாவில் போட்டார். பிறகு நிதானமாக என்னைப் பார்த்தார்.

“கொதிக்க வச்சது. மூடி வச்சு ஆற வச்சது,” என்றார். “விளாவல.”